செடித் தொட்டியில் கோரி மீன்களின் மீசை தேய்கிறது, கல்லை மாற்றினால் போதுமா?

பசுந்தொட்டி_சென்னை:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் மூன்றடி செடித் தொட்டி இருக்கிறது, 36க்கு 15க்கு 15 அங்குலம், கணக்குப் பார்த்தால் 130 லிட்டர் வரும், மண்ணும் கட்டையும் போக 110 லிட்டர் தண்ணீர் நிற்கும். அடியில் அக்வா சாயில் (செடிக்கான சத்து மண்), அதன் மேல் 2-3 மி.மீ. கருப்புக் கல். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் வடிகட்டி) ஓடுகிறது, சிலிண்டர் வைத்து சிஓ2 கொடுக்கிறேன், செடிகள் எல்லாம் அருமையாக வளர்கின்றன. கிரிப்டோகோரைன், வாலிஸ்நேரியா, முன்பக்கம் புல் மாதிரி படரும் செடி, ட்ரிஃப்ட்வுட்டில் கட்டிய அனுபியாஸ்.

பிரச்சினை அடியில் வாழும் மீன்களுக்குத்தான். நான்கு அல்பினோ கோரி, இரண்டு பாண்டா கோரி (கோரி என்பது அடியில் மேயும் சின்னக் கெளுத்தி வகை), பாம்பு மாதிரி ஒல்லியான கூலி லோச் கொஞ்சம், கண்ணாடியில் வாயால் ஒட்டும் சக்கர் மீன் ஒன்று. கோரிகளின் மீசை நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வருகிறது, இரண்டுக்கு மீசையின் அடி சிவந்து புண் மாதிரி தெரிகிறது. பாண்டாக்கள் ஒரு மூலையில் படுத்து வேகவேகமாக மூச்சு வாங்குகின்றன. மேலே நீந்தும் டெட்ராக்கள் அத்தனையும் நன்றாக இருக்கின்றன, அதுதான் புரியவில்லை. டெஸ்ட் கிட்டில் அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40 பிபிஎம் காட்டுகிறது.

கூரான கல்தான் காரணம், மணலுக்கு மாற்று என்று கடையில் சொல்கிறார்கள். தொட்டியை முழுக்கக் கலைத்தால் செடிகள் போய்விடும். உண்மையிலேயே கல்தான் காரணமா? மருந்து ஏதாவது போட வேண்டுமா?

மதுரை_நீரோட்டம்:

கல்லைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் பாண்டாவின் மூச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். தண்ணீரின் வெப்பநிலையை நீங்கள் எழுதவே இல்லை. சென்னையில் இந்த மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் தொட்டி 31, 32 டிகிரியில் நிற்கும் என்றே நினைக்கிறேன்.

பாண்டா கோரி பெரு நாட்டில் உகயாலி ஆற்றுப் படுகையின் ஓடைகளிலிருந்து வந்த மீன். ஆண்டீஸ் மலையடிவாரத் தண்ணீர், 20 முதல் 25 டிகிரி வரைதான் அதற்குச் சுகம். 32 டிகிரியில் அது வாழவில்லை, தாக்குப்பிடிக்கிறது, அவ்வளவுதான். 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 8.2 மி.கி. ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 32 டிகிரியில் அது 7.3 ஆகிவிடும், அதுவும் மேற்பரப்பு நன்றாக அசைந்தால்தான். ஆக்சிஜன் குறையும் அதே நேரத்தில் சூட்டினால் மீனின் தேவை கூடுகிறது. இதோடு நீங்கள் சிஓ2 வேறு விடுகிறீர்கள். இரவில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். டெட்ரா மேலே நல்ல ஓட்டத்தில் இருக்கிறது, கோரி இருப்பது செடி அடர்ந்த, தண்ணீர் நகராத அடிப்பகுதியில். ஒரே தொட்டியில் மேலே நன்றாக இருப்பதும் கீழே திணறுவதும் அதனால்தான்.

கோரி அவ்வப்போது விருட்டென்று மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும், அது இயல்பு, குடலாலேயே காற்றை உறிஞ்சக்கூடிய மீன் அது. ஆனால் அடிக்கடி, நிமிடத்துக்கு நிமிடம் போகிறது என்றால் தண்ணீரில் ஆக்சிஜன் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியவை: விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சிஓ2 நிற்கும்படி டைமரை வையுங்கள், இரவு முழுக்க ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழ் விடும் கல்) ஓடட்டும், ஃபில்டரின் ஸ்ப்ரே பாரை, அதாவது தண்ணீர் வெளியே வரும் துளைக் குழாயை, தண்ணீர் மட்டத்துக்குத் தூக்கி மேற்பரப்பு சலசலக்கும்படி திருப்புங்கள். மூடியைத் திறந்து ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீரின் மேல் சாய்வாக ஓடவிடுங்கள். மதுரை மாதிரி காய்ந்த காற்றுள்ள ஊரில் 3, 4 டிகிரி இறங்கும், சென்னையின் ஈரக் காற்றில் 2 டிகிரி கிடைத்தாலே நல்லது. ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்புத்தன்மை ஏறிவிடும், ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். கரண்ட் போகும் ஊர் என்றால் யுஎஸ்பி ஏர் பம்பும் பவர் பேங்க்கும் எப்போதும் கைவசம் இருக்கட்டும், சிஓ2 தொட்டி வைத்திருப்பவருக்கு அது அவசியம்.

கூழாங்கல்:

கல்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள், நேரடியாகச் சொல்கிறேன்: கல் பாதிக் காரணம்கூட இல்லை, கல்லுக்கு நடுவில் தங்கும் அழுக்குதான் முதல் காரணம்.

2-3 மி.மீ. கல்லின் இடுக்குகளில் மீன் கழிவு, அழுகிய இலை, தின்னாத உணவு எல்லாம் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மேலே நின்று பார்த்தால் சுத்தமாகத் தெரியும். கோரி நாள் முழுக்க அந்த இடுக்கில்தான் மூக்கை நுழைத்துக்கொண்டிருக்கிறது, அழுகல் பாக்டீரியா பெருகிய இடத்தில் மெல்லிய தோலுள்ள மீசை உரசிக்கொண்டே இருந்தால் சின்னக் கீறல்கூடப் புண்ணாகிவிடும். கல்லின் கூர்மை கீறலைத் தருகிறது, அழுக்கு அதைப் புண்ணாக்குகிறது. கல் தொட்டியில் மீசை முழுசாக உள்ள கோரிகளைப் பார்த்திருக்கிறேன், மணல் தொட்டியில் மீசையே இல்லாத கோரிகளையும் பார்த்திருக்கிறேன், அந்த மணலைக் கிளறினால் நாற்றம் தாங்காது. அதனால் மணல் போட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

அமோனியா 0 என்று டெஸ்ட் காட்டுவது தொட்டியின் நடுவில் எடுத்த தண்ணீருக்கு. கல்லுக்கு அடியில் அரை அங்குலத்தில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. நைட்ரேட் 40 இருப்பது நீங்கள் போடும் உரத்தாலும் இருக்கலாம், கழிவாலும் இருக்கலாம். ஒரு வாரம் உரம் போடாமல் அளந்து பாருங்கள், அப்போதும் ஏறினால் கழிவுதான். கோரிக்கு 20க்குக் கீழே வைத்திருப்பது நல்லது.

ஆனாலும் மணல் வேண்டும் என்பேன், வேறு காரணத்துக்காக. கோரி மணலை வாய் நிறைய அள்ளி, உணவைச் சலித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாக வெளியே விடும். கல்லில் அதைச் செய்யவே முடியாது. ஒரு மீனை அது செய்யப் பிறந்த வேலையைச் செய்யவிடாமல் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தொட்டியைக் கலைக்கத் தேவையில்லை. முன்பக்கம் மட்டும் ஐந்து அங்குல அகலத்துக்கு மணல் திட்டு ஒன்று அமையுங்கள், உணவு அங்கேதான் விழ வேண்டும், சைஃபன் செய்வதும், அதாவது குழாயால் அழுக்கை உறிஞ்சுவதும், அங்கேதான். பின்பக்கம் செடி வேர் ஓடிய மண்ணைத் தொடவே வேண்டாம், வேரே அங்கே ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அக்வா சாயிலை மொத்தமாகக் கிளறினால் உள்ளே தேங்கிய அமோனியா வெளியே வந்து ஒரே ராத்திரியில் மொத்தத் தொட்டியையும் காலி செய்துவிடும். வாரத்துக்கு ஓரடி நீளம் என்று மெதுவாகப் போங்கள்.

ஆழ்கடல்:

சின்ன விஷயத்துக்கு இவ்வளவு வேண்டாம் சார். 110 லிட்டருக்கு இரண்டு கைப்பிடி கல் உப்பு போடுங்கள், மெத்திலீன் ப்ளூ பத்து சொட்டு விடுங்கள், புண் ஆறிவிடும். என் தங்கமீன்களுக்கு அதைத்தான் செய்கிறேன், நன்றாகவே இருக்கின்றன.

வேம்பு:

ஆழ்கடல் அண்ணா, தங்கமீனுக்குச் சரி, இங்கே தயவுசெய்து வேண்டாம். மெத்திலீன் ப்ளூ ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவைப் பாதிக்கும், செடிக்கும் ஆகாது. உப்பில் கிரிப்டோகோரைன் இலைகள் உருகிவிடலாம், அப்படி உருகிய இலைகள் அழுகி இப்போது இருக்கிற பிரச்சினையையே பெரிதாக்கும். கூலி லோச்சுக்குச் செதில் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, மருந்தை அது மற்ற மீன்களைவிட மோசமாக வாங்கும். மாலகைட் கிரீன், செம்பு கலந்த மருந்து எதுவானாலும் லோச் உள்ள தொட்டியில் முழு அளவு போடக் கூடாது. இறால் இருந்தால் செம்பு அறவே கூடாது.

மருந்து தேவைப்பட்டால் தனித் தொட்டியில் செய்வோம். ஒரு பிளாஸ்டிக் டப், ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரிலிருந்து எடுத்த ஸ்பாஞ்ச், ஏர் பம்ப், ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டித் துண்டு, அடியில் ஒன்றும் போடக் கூடாது. தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றி, அடியில் விழுந்ததை உறிஞ்சி எடுத்தாலே லேசான மீசைப் புண் மருந்தில்லாமல் ஆறத் தொடங்கும், அடிக்கட்டை மிச்சமிருந்தால் மீசை திரும்ப வளரும். சிவப்பு பரவினால், வயிற்றுப் பக்கம் ரத்தத் திட்டு தெரிந்தால், அது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம், அப்போது மருந்தைப் பற்றிப் பேசலாம்.

கோரியைப் பிடிக்க வலை போடாதீர்கள். மார்புத் துடுப்பிலும் முதுகுத் துடுப்பிலும் விறைப்பான முள் இருக்கிறது, வலையில் மாட்டினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும், பிளாஸ்டிக் டம்ளரில் ஒதுக்கி அள்ளுங்கள். பயந்த கோரி விஷம்கூடச் சுரக்கும், சின்னப் பையில் அடைத்து வெகுநேரம் வைத்தால் தன் விஷத்திலேயே செத்துப்போகும், அதனால் கடையிலிருந்து கொண்டுவரும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

நம் தெருவில் உதிர்ந்து கிடக்கும் நாட்டு பாதாம் இலை இருக்கிறதே, மரத்திலேயே பழுத்துத் தானாக விழுந்து காய்ந்த இலையாகப் பொறுக்கி, கழுவி, 50 லிட்டருக்கு ஒன்று போடலாம். தண்ணீர் டீ நிறத்துக்கு லேசாக மாறும், கொஞ்சம் கிருமியை அடக்கும், கோரியும் அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மருந்து தெளித்த இடத்து இலை, வண்டிப் புகை படிந்த இலை வேண்டாம். இது துணைதான், அழுக்கை எடுக்கும் வேலைக்கு மாற்று இல்லை.

பசுந்தொட்டி_சென்னை:

எல்லோருக்கும் நன்றி. வெப்பநிலை பார்த்தேன், காலையில் 30, மாலையில் 32.5. ஃபேன் வைத்தாகிவிட்டது, ஏர் ஸ்டோன் இரவில் ஓடுகிறது, பாண்டாக்கள் மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. கல்லுக்குள் ஒரு குழாயை விட்டு உறிஞ்சிப் பார்த்தேன், காபி நிறத்தில் குழம்பு மாதிரி வந்தது, கூழாங்கல் சொன்னது அப்படியே சரி.

உணவு, ராத்திரி எட்டு மணிக்கு மிதக்கும் உணவு போடுகிறேன், மேலே உள்ளவை தின்றதுபோக மிச்சத்தைக் கோரியும் சக்கரும் சாப்பிட்டுக்கொள்ளும் என்றுதான் கடையில் சொன்னார்கள். தண்ணீர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்வாசி மாற்றுகிறேன், மெட்ரோ வாட்டர். சக்கர் மீன் இப்போது அரையடி இருக்கும். அதை வைத்துக்கொள்ளலாமா?

அயிரைக்குளம்:

மிச்சத்தைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று கடைகளில் சொல்லி விற்பதால்தான் கோரிகள் பட்டினி கிடக்கின்றன, இதை மட்டும் நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன். கோரியோ சக்கரோ இன்னொரு மீனின் கழிவைத் தின்று வாழாது. கோரிக்குப் புழு பூச்சி மாதிரிப் புரதம் வேண்டும், அதற்கென்று தனியாகப் போட வேண்டும். மேலே உள்ளவற்றுக்கு முதலில் போட்டுவிடுங்கள், விளக்கு அணைந்து அரைமணி கழித்து மூழ்கும் பெல்லட்டை மணல் திட்டில் போடுங்கள், கூலி லோச் வெளியே வருவதும் அந்த நேரத்தில்தான். வாரத்தில் இரண்டு நாள் உறைய வைத்த பிளட்வோர்ம் கொடுங்கள். சாக்கடையில் பிடித்த உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு வேண்டவே வேண்டாம், நோயைக் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி. காலையில் பெல்லட் மிச்சமிருந்தால் எடுத்துவிட்டு, அடுத்த நாள் குறைத்துப் போடுங்கள். கோரி கண்ணாடியோரம் வரும்போது அதன் வயிற்றைப் பாருங்கள், உள்வாங்கி இருந்தால் சாப்பாடு போதவில்லை.

சக்கர்: நம் கடைகளில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் தெரிகோப்ளிக்திஸ், ஒன்றரை அடி வரை வளரும். மூன்றடித் தொட்டியில் அதற்குத் திரும்பக்கூட இடமிருக்காது, அது போடும் கழிவு உங்கள் கோரிகள் எல்லாம் சேர்ந்து போடுவதைவிட அதிகம், காபி நிறக் குழம்பில் பெரும் பங்கு அதனுடையதாகவே இருக்கும். கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஏரியிலோ குளத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது, மீனவர் வலையைக் கிழிக்கிறது, கரையைக் குடைந்து பொந்து போடுகிறது, நம் மீன்களுக்கு இடமில்லாமல் செய்கிறது.

தண்ணீர் மாற்றுவது வாரம் ஒருமுறை 30 சதவீதம் ஆகட்டும். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், சோடியம் தயோசல்பேட் கலக்காமல் ஊற்றினால் செவுள் எரியும். மாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் கொதிக்கும், அதிகாலையில் பிடித்து மாற்றுங்கள்.

அப்புறம் பாண்டா. உங்கள் ஊர் வெயிலுக்கு அது பொருந்தாது, ஏசி அறையில் தொட்டி வைத்திருக்கும் யாருக்காவது இருந்தால் அவர்கள் கூட்டத்தோடு சேர்த்துவிடுவது அதற்கு நல்லது. கோரி தன் இனத்தோடு குறைந்தது ஆறு இருந்தால்தான் தைரியமாக நடமாடும், இரண்டு மட்டும் இருந்தால் மூலையிலேயே கிடக்கும். அல்பினோவை ஆறு, எட்டாக்குங்கள். இன்னொரு வகை வேண்டுமானால் ஸ்டெர்பாய் கோரி 28, 29 டிகிரி வரை சமாளிக்கும்.

நம்ம அயிரையையும் யோசித்துப் பாருங்கள். மதுரைப் பக்கம் குழம்புக்கு உயிரோடு விற்கும் அதே மீன்தான், விரல் நீளம்கூட வளராது, நம் வெயில் அதற்குப் பழக்கம், மெல்லிய மணல் கிடைத்தால் கண் மட்டும் தெரியும்படி புதைந்து கிடக்கும். அழகான மீன், ஏன் யாரும் தொட்டியில் வைப்பதில்லை என்று எனக்கு ஆதங்கம். பிடித்து வந்த மீன் என்பதால் ஒட்டுண்ணி இருக்கலாம், ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் வரிலோச், போட்டியா ஸ்ட்ரையேட்டா, கடையில் பார்த்தால் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், அது அழியும் ஆபத்திலுள்ள இனம், கடைக்கு வருவது காட்டு ஓடையில் பிடித்ததாக இருக்கலாம்.

பசுந்தொட்டி_சென்னை:

சக்கரைக் கொளத்தூர் கடையில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்கள். பாண்டாவுக்கும் இடம் பார்க்கிறேன். மணல் எது வாங்குவது, எவ்வளவு? வீட்டில் கட்டட வேலைக்கு வந்த எம் சாண்ட் கிடக்கிறது, சலித்துப் போடலாமா?

கூழாங்கல்:

எம் சாண்ட் கூடாது. அது பாறையை உடைத்த தூள், ஒவ்வொரு துகளுக்கும் விளிம்பு உண்டு, சலித்தாலும் கூர்மை போகாது, கோரி அதைச் செவுள் வழியாக விட வேண்டியிருக்கும். கடற்கரை மணலில் கிளிஞ்சல் தூள் இருக்கும், தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும். நீச்சல்குள ஃபில்டருக்கு விற்கும் சிலிக்கா மணல் கேட்டு வாங்குங்கள், உருண்டையான துகளாக, ஒரு மி.மீ.க்கும் குறைவாக உள்ளதாகப் பாருங்கள். உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்தால் குத்தக் கூடாது. கொஞ்சம் எடுத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம்.

மூன்றடி நீளம், ஐந்து அங்குல அகலம், ஓர் அங்குல உயரம் என்றால் மூன்று லிட்டர் மணல், ஐந்து கிலோ போதும். அதற்கு மேல் ஆழம் வேண்டாம், ஆழமான மணலில் காற்றில்லாமல் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வரும். கழுவிய தண்ணீர் தெளியும் வரை வாளியில் கழுவுங்கள்.

கல்லின் மேலேயே மணலைக் கொட்டிவிடாதீர்கள், மணல் இடுக்கு வழியாகக் கீழே இறங்கிக் கல் மேலே வந்துவிடும். முதலில் முக்கால் அங்குலக் குழாயால் அந்தப் பகுதிக் கல்லைத் தண்ணீரோடு உறிஞ்சி எடுங்கள், அடியில் உள்ள சாயிலும் கொஞ்சம் வரும், பரவாயில்லை. பிறகு ட்ரிஃப்ட்வுட் துண்டுகளையோ தட்டைக் கற்களையோ வரிசையாக வைத்து ஒரு வரப்பு கட்டிவிட்டு, அறுத்த பாட்டிலை அடி வரை இறக்கி அதன் வழியாக மணலைப் போடுங்கள், தண்ணீர் கலங்காது. ஓரடி முடித்ததும் நிறுத்தி மறுநாள் அமோனியா பாருங்கள், 0 இருந்தால்தான் அடுத்த வாரம் அடுத்த ஓரடி. முன்பக்கப் படர்செடியை அங்கிருந்து எடுத்துப் பின்னால் நட்டுவிடுங்கள், மணலில் அதைக் கோரி பிடுங்கிக்கொண்டே இருக்கும். உர மாத்திரையும் அந்தப் பக்கம் புதைக்காதீர்கள், தோண்டி வெளியே போட்டுவிடும்.

மலேசியன் ட்ரம்பெட் நத்தை நாலைந்து யாரிடமாவது வாங்கி விடுங்கள், இரவில் மணலுக்குள் புகுந்து புரட்டிக்கொண்டே இருக்கும். அது அளவுக்கு மேல் பெருகினால் உணவு அதிகமாகப் போடுகிறீர்கள் என்று பொருள், குறைத்துவிடுங்கள். ஃபில்டர் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு ஸ்பாஞ்சைச் செருகிவிடுங்கள், கூலி லோச் அதற்குள் புகுந்துவிடும்.

முதல் ஓரடி முடிந்ததும் அமோனியா ரீடிங்கை இங்கே போடுங்கள், பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.